சுமை இறக்கிய இடங்கள்

அந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான்
எங்கள் இருவருக்கும் விடுப்பு ஒத்துப்போனது.
இன்னிஸ் மீன்பண்ணைப் படகோட்டி;
எனக்கு மருத்துவமனைச் சலவையறையில் இரவு வேலை.
திங்கள் மாலை
அவள் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தோம்.
சுருண்டு எழுந்த மூலைகளுக்கு
உப்புச் சீசா, சைக்கிள் பம்பு, என் முழங்கை;
நான்காவது மூலைக்கு வெண்ணெய்த் தட்டு.

பச்சை என்றால் காடு.
நீலம் என்றால் லாக்.
வெளியூர்க்காரர் சொன்னால் அது பூட்டு மாதிரி கேட்கும்;
நாங்கள் தொண்டைக்குள் ஒரு சரளையை உருட்டிச் சொல்வோம்.
பழுப்புக் கோடுகள் மலை:
அவை நெருங்கி நெருங்கிப் போனால்
இறங்கி உருட்டு என்று பொருள்.

"காடும் வேண்டும், தண்ணீரும் வேண்டும்,
போன வழியே திரும்பவும் கூடாது" என்றாள்.
"பாதியில் ஒரு தேநீர்க் கடை" என்றேன்.
அப்படி ஒரு வழி தாளில் இருந்தது.
இருபத்தொன்பது கிலோமீட்டர்.
தாளில் மழையும் இல்லை.

காலை பத்தரைக்கு
காட்டு வாசலில் சங்கிலி.
சிவப்புப் பலகை: மரம் வெட்டுகிறோம், உள்ளே வராதீர்.
ஓர் இயந்திரம் ஒற்றைக் கையால்
ஸ்ப்ரூஸ் மரத்தைப் பிடித்துப்
பென்சில் போலச் சீவிக்கொண்டிருந்தது.
பிசின் மணம் மட்டும் சங்கிலியைத் தாண்டி வந்தது.

இன்னிஸ் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.
கேலிக் மொழியில் சொன்னதால் அழகாகத்தான் இருந்தது.

லாரிப் படியில் உட்கார்ந்து
முட்டை வைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்
(சட்டையில் லாக்லன் என்று தைத்திருந்தது)
மென்று முடிக்கும்வரை எங்களைக் காக்கவைத்துவிட்டு
ரொட்டியாலேயே மேற்கே காட்டினார்:
"பிணப்பாதையில் போங்களேன்.
கொஞ்சம் முரடு. ஆனால் பார்க்கலாம்."

வரைபடத்தில் அது
எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு புள்ளிவரிசை.
நேற்று அதன்மேல்தான் வெண்ணெய் இருந்தது.

மலைக்கு அந்தப்புறம் மண்ணில் ஆழமில்லை, முழுக்கப் பாறை.
அதனால் இறந்தவர்களை
இந்தக் கரைக்குத் தூக்கி வந்தார்கள்,
எட்டெட்டுப் பேராகத் தோள்மாற்றி,
கணவாய் ஏறி.
இறக்கிவைத்த இடத்திலெல்லாம்
ஆளுக்கொரு கல் அடுக்கிவிட்டுப் போனார்கள்.
சுமைதாங்கி இல்லை; சுமை இருந்ததற்குச் சாட்சி.

முதல் கற்குவியலில் சைக்கிளைச் சாய்த்தேன்.
சாய்த்தேன் என்பது மரியாதைக்கு.
விழுந்து நிமிர்ந்தால்
முழு லாக்கும் கீழே.
மஞ்சளுக்கு மாறத் தொடங்கிய லார்ச் மரங்கள்,
படகுத்துறை,
அவள் மீன்பண்ணையின் வட்டக் கூண்டுகள்,
யாரோ கோப்பையைத் தூக்கித் தூக்கி வைத்த கறைபோல.

"இங்கிருந்து பார்த்ததே இல்லை" என்றாள்
பதினோரு வருடமாய் அதில் மிதப்பவள்.

இரண்டாம் குவியல். மூன்றாம் குவியல்.
மூச்சு நின்ற இடத்தில் கல் இருந்தது;
கல் இருந்த இடத்தில் தண்ணீர் தெரிந்தது.
அழகு பார்த்து இறக்கினார்களா,
இறக்கியதால் அழகு கண்ணில் பட்டதா
என்று கேட்டேன்.
"ஏற்றம் முடிகிற இடம், அவ்வளவுதான்" என்றாள்,
வாழைப்பழத்தை இரண்டாகப் பிய்த்துப்
பெரிய பாதியை என்னிடம் நீட்டியபடி.

இறக்கத்தில் பேச்சில்லை.
துருவின் நிறத்தில் பெரணி,
குறுக்கே குறுக்கே ஓடை,
பல்லோடு பல் மோதும் சத்தம்.
ஒரு பாறைமேல் என் முன்சக்கரம் யோசித்தது.
நான் யோசிக்கவில்லை.
ஹெதர் புதர் மெத்தென்று ஏந்திக்கொண்டது;
அதற்கடியில் இருந்த சேறு
அதைவிட மெத்தென்று.

கடைசி ஆறு கிலோமீட்டர் கரையோரம்,
ஓக் மரங்களின் வேர்களில் குதித்துக் குதித்து.
தேநீர்க் கடை செப்டம்பரோடு மூடிவிட்டது.
கதவில் ஒரு காகிதம்,
அதில் சிரிக்கும் முகம் வேறு.

கடை பெஞ்சில் அமர்ந்து
குடுவை மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தோம்.
வரைபடம் ஈரத்தில் மடிப்போடு கிழிந்து
கணவாய் இருந்த இடத்தில் ஓட்டை.
கையுறையைத் தேடியபோது
மேலே வைப்பதற்காக எடுத்த கல்
என் சட்டைப்பையிலேயே இருந்தது.
அரைக் கிலோவாவது இருக்கும்.

"அடுத்த செவ்வாய்?" என்றேன்.
"எனக்கு வேலை."
"அதற்கடுத்தது?"
இன்னிஸ் கல்லை வாங்கி
உள்ளங்கையில் எடைபார்த்தாள்.