எட்டுப் பலகை பாக்கி

சத்தியமாக இது நடக்கவில்லை.
நடந்திருந்தால்
போர்ச்சுகலின் வடக்கே, ஓர் ஆற்றங்கரையில்,
வரைபடத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும்
ஏதோ ஓர் ஊரில் நடந்திருக்கும்.

அக்டோபர். மூடுபனி.
புதுப் பாலம் தயார் என்று
தலைநகருக்குத் தந்தி போய்விட்டது.
பாலத்துக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை.

நடுவில் எட்டுப் பலகை இல்லை.
தச்சன் கௌதென்சியோ முந்தின இரவே
கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தான்.
திருட்டில்லை. எட்டு வாரக் கூலி பாக்கி,
வாரத்துக்கு ஒரு பலகை.
கணக்கில் சுத்தமான ஆள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை.
யாராவது விழுந்து தொலைத்தால்?
மனைவி எர்மெலிந்தாவின் பெட்டியைக் கிளறி
கல்யாண வண்டியின் எருதுக்கு
கொம்பில் கட்டிய சிவப்பு நாடாவை உருவி
விடியுமுன் பாலத்தின் வாயில்
குறுக்கே கட்டிவிட்டுப் போனான்.
எழுதத் தெரிந்திருந்தால்
'அபாயம்' என்று எழுதியிருப்பான்.
தெரியாததால்
முடிச்சை அழகாகப் போட்டான்.

பத்து மணிக்கு மேயர் பல்தசார் கின்தேலா வந்தார்.
முன்னால் வாத்தியக் கோஷ்டி, பின்னால் ஊர்,
தலையில் இரவல் வாங்கிய உயரத் தொப்பி.
நாடாவைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.
"எனக்காகவா இத்தனை அலங்காரம்?"

குனிந்து போகப் பார்த்தார், தொப்பி விடவில்லை.
தாண்டிப் போகப் பார்த்தார், தொப்பை விடவில்லை.
அவிழ்க்கப் பார்த்தார்.
அது தச்சன் போட்ட முடிச்சு.

"கத்தரி! கத்தரி!"
கூட்டத்தின் கடைசியில் நின்றார்
முடிவெட்டும் தியோதோனியோ,
காலையில் கழுதைக்குப் பிடரி கத்தரித்த கையோடு.
நடுவில் முந்நூறு தலை.
முட்டை அப்பம் விற்பவளின் தட்டைப் பிடுங்கி
அதில் கத்தரியை வைத்து
தலைக்கு மேல் தலைக்கு மேலாகக் கைமாற்றினார்கள்.
மேயரிடம் வந்து சேர்ந்தபோது
தட்டில் கத்தரி மட்டும் இருந்தது.
அப்பம் போன வழக்கு தனி.

கழுதைக் கத்தரி நாடாவை வெட்டுமா?
மென்றது.
மேயர் சிரித்தபடி அழுத்தினார்,
சிரித்தபடி திருகினார்.
புகைப்படக்காரர் "அசையாதீர்கள்" என்றார்.
வாயெல்லாம் பல்லாக
முப்பது விநாடி உறைந்து நின்றார்.
அந்த நிற்பு இன்னும் முடியவில்லை,
நாளைக்குச் செய்தித்தாளில் பாருங்கள்.

அப்போதுதான் தச்சன் ஓடிவந்தான்,
"வேண்டாம்! வேண்டாம்!"
அவனுடைய உற்சாகத்தை மெச்சி
வாத்தியக்காரர்கள் இன்னும் உரக்க ஊதினார்கள்.
நாடா அறுந்தது.
மேயர் நடந்தார்.
பதினோராவது அடியில் ஆளைக் காணோம்,
தொப்பி மட்டும்
ஏதோ யோசிப்பதுபோல் கொஞ்சம் மிதந்து
பிறகு அதுவும் இறங்கியது.

தொபுக்கடீர்.

இதற்குமுன் பாலம் திறந்து பழக்கமில்லாத ஊர்.
இதுதான் முறை போலும் என்று
கைதட்டியது.
இடுப்பளவு தண்ணீரில் எழுந்த மேயர்
கைதட்டல் காதில் விழுந்த எந்த மேயரும்
செய்வதைச் செய்தார்.
கத்தரியை உயர்த்திப் பிடித்து
"பாலம் திறந்து வைக்கப்பட்டது" என்றார்.

அக்கரை ஊர் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தது.
அடுத்த மாதமே அவர்கள் சந்தைக்கு
இரண்டு மடங்கு நாடா, வெள்ளித் தட்டு,
அலைந்து திரிந்து பிடித்த மொண்டைக் கத்தரி.
ஆறு மட்டும் இல்லை.
அதற்கு ஒதுக்கிய பணத்தைக் காணோம் என்றார்கள்.

அன்றிலிருந்து
யார் எங்கே நாடா வெட்டினாலும்
நாலடி நடந்து, காலால் தரையைத் தட்டிப் பார்த்து,
அவசரமாகத் தேநீருக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கௌதென்சியோவின் கூலியா?
மேயர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.
ஈரக் காகிதம், மை ஓடிவிட்டது.
எட்டுப் பலகையில் அவன் ஒரு கட்டில் செய்தான்.
எர்மெலிந்தா நாடா எங்கே என்றாள்,
இரண்டு துண்டாக நீட்டினான்.
பிசிறைத் தடவிப் பார்த்துவிட்டு அவள் கேட்டது
ஒன்றுதான்:

"அவ்வளவு பெரிய மனுஷனுக்கு
அவிழ்க்கத் தெரியாதாமா?"