கொசுறு

காலை ஐந்தரை. டர்பன், வார்விக் சந்தை.
சூரியனுக்கு முன்னால் டாக்சி ஹாரன் விடிந்துவிடுகிறது.
என் பெட்டியில் பதினொரு எடைக்கற்கள்,
வெல்வெட் குழிகளில், நகைக்கடைச் சரக்குபோல.
வெறுங்கையால் தொடமாட்டேன்.
விரல் பிசுக்குப் பட்டால் எடை கூடும்,
கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் கூடும்.

கிஸ்டன் முனுசாமியின் தராசு
என் ஒரு கிலோவை ஆயிரத்து இருபது கிராம் என்றது.
மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் அதே பொய்.
பொய் என்றா சொன்னேன்? பிழை.
என் படிவத்தில் பொய்க்குக் கட்டம் இல்லை.

"இருக்கட்டும் மேடம்" என்கிறான்,
"ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிடி கொசுறு போடுறேனே,
அதை உங்க பெட்டி பாத்துச்சா?"

பார்க்கவில்லை.
அவன் பிடி பெரிது, அதுவும் கொத்தமல்லி என்றால்.
இருபதை எடுத்து ஐம்பதைக் கொடுக்கிறவனுக்கு
என்ன பெயர்?
கேட்காமல் எடுத்ததும் கேட்காமல் கொடுத்ததும்
ஒன்றையொன்று கழித்துக்கொள்ளுமா?
பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில்
கொசுறு வாங்காமல் போனவள் கணக்கு?
கழித்தல் எனக்கு வரும்.
இது கழித்தலா என்பதுதான் தெரியவில்லை.

சிவப்புச் சீட்டை ஒட்டினேன்.
தேதி. கையெழுத்து: நீலாவதி செட்டி.
அந்தத் தராசு பற்றிய கேள்வி அதோடு முடிந்தது.
இப்படி முடிகிற கேள்விகளை விரும்பித்தான்
இந்த வேலைக்கே வந்தேன்.

ஆனால் என் கல்லை யார் சோதித்தது?
பிரிட்டோரியாவில் இன்னொரு கல்.
அதற்கு மேலே, பாரிஸ் பக்கத்தில்,
கண்ணாடிக் கவிப்புகளுக்குள் ஓர் உலோக உருளை.
நூறு வருஷம் கழித்து வெளியே எடுத்தபோது
கூடப்பிறந்தவற்றோடு அது ஒத்துப்போகவில்லையாம்,
ஒரு தூசி அளவு.
அது இளைத்ததா, மற்றவை பருத்தனவா?
கிலோ என்றாலே அதுதான் என்று
நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்டிருந்தன.
அளவே இளைத்துவிட்டதென்று
எந்த அளவை வைத்துச் சொல்வது?

பிறகு அந்த உருளைக்கு ஓய்வு கொடுத்து
கிலோவை இயற்கையின் ஓர் எண்ணோடு கட்டினார்கள்.
நல்ல வேலை. மனசாரச் சொல்கிறேன்.
பயிற்சி வகுப்பில் மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை:
"அந்த எண் நாளைக்கும் அதுவாகவே இருக்குமென்று
எப்படித் தெரியும்?"
ட்லமினி சார் சிரித்தார்.
"அது தத்துவம். சாப்பாட்டுக்கு அப்புறம் கேளுங்கள்."
சாப்பிட்டு எட்டு வருஷம் ஆகிறது.

இதற்குள் கிஸ்டன் தராசைக் கவிழ்த்து வைத்துவிட்டு
பச்சை மிளகாயைக் குவிக்கிறான்.
குவியல் பத்து ரேண்ட்.
குவியலுக்கு என்னிடம் கல் இல்லை.

இரவு வேலை முடிந்து வரும் நர்ஸ் நோமுசா
இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.
"நேத்து இதைவிடப் பெரிசு."
அவன் ஒரு மிளகாய் வைத்தான். "இப்ப?"
உதட்டைப் பிதுக்கினாள்.
இன்னொன்று. இன்னொன்று.
ஏழாவதில் பையை விரித்தாள்.

ஆறு போதாது, ஏழு போதும் என்பது
மிளகாயிலா இருந்தது, அவளிடமா,
இல்லை, பேசிக்கொண்டிருந்த இருவருக்கும் நடுவில்
அந்தப் புகைக்காற்றிலா?

நானும் ஒரு குவியல் வாங்கினேன்.
வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தி
யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு
சோதனைத் தராசில் வைத்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
திருத்தமான பதில்.
நான் கேட்டதற்கு அல்ல.

பையை உதறியபோது
அடியிலிருந்து ஓர் எலுமிச்சை உருண்டு விழுந்தது.
நான் வாங்காதது.
சிவப்புச் சீட்டு ஒட்டியவளுக்கு, ஒட்டிய பிறகு.
ஒட்டுவதற்கு முன்னால் தந்திருந்தால்
அதற்குப் பெயர் உண்டு, சட்டப்பிரிவும் உண்டு.

திருப்பிக் கொடுத்தால் அவனை அவமதித்ததாகுமா?
வைத்துக்கொண்டால் நாளைக்கு யார் தராசைச் சோதிப்பேன்?
தொண்ணூறு கிராம் இருக்கும். எடை போடவில்லை.
டாஷ்போர்டில் வைத்து வண்டியை எடுத்தேன்.
வளைவுக்கு வளைவு
இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும்
உருண்டுகொண்டே வருகிறது.