மூன்றடி

ஆறாவது மாடியில்
என் கதவுக்கும் பென்சக்கேன் கதவுக்கும் நடுவே
சரியாக மூன்றடி நடை.

நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன்.
என் மகன் டிரம்ஸ் பழகியதற்கு
கட்டட நிர்வாகிக்கு நான்கு கடிதம் எழுதியவர்.
கண்புரை அறுத்த பின்
கை நடுங்குகிறது,
சொட்டு மருந்தெல்லாம் கன்னத்தில்தான் போகிறது என்று
லிஃப்டில் யாரிடமோ சொன்னார்.
என்னிடம் அல்ல.

புவெனஸ் அயர்ஸில் ஜூலை மழை.
அந்திப் பிரார்த்தனைக்கு
எபிரேயப் புத்தகத்தை விரித்து எழுந்தேன்.
மூன்றடி பின்வாங்கி
மூன்றடி முன்வைத்து
அவன் முன் நிற்பது எங்கள் வழக்கம்.
பின்வாங்கியபோது
சுவருக்கு அப்பால் குப்பி உருளும் சத்தம்.
முன்வைத்த கால்
கதவைத் திறந்துகொண்டு போய்விட்டது.

"தலையைச் சாயுங்கள்."
முனகினார். சாய்த்தார்.
கீழிமையை இழுத்த என் விரலில்
வெங்காய வாசம்;
அதற்கும் ஒரு குறை.
சொட்டு விழுந்தது.
கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்,
ஆசியோ வசையோ, காதில் விழவில்லை.
எதற்கும் இருக்கட்டும் என்று
ஆமென் சொல்லிவைத்தேன்.

கசக்கிவிடுவாரோ என்று
அவர் கண்ணையே பார்த்தபடி
முதுகு காட்டாமல்
பின்னோக்கி நடந்து வெளியே வந்தேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.

விரித்த பக்கம் அப்படியே கிடந்தது.
மருந்து ஈரம் காயாத விரலோடு
வெகுநேரம் நின்றேன்,
இனித்தான் தொடங்க வேண்டுமா
முடித்துவிட்டேனா
என்று தெரியாமல்.

காலையில் எட்டு மணிக்கு
அடுத்த சொட்டு.