இரண்டு மணிக்குப் புறப்பாடு

இரண்டு மணி என்றால் எங்களுக்குக் காலை.
சூரியன் எழுந்ததிலிருந்துதான் இங்கே எண்ணுவோம்.
பின்லாந்துத் தம்பதி
மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு
வரலாமென்று இருந்தார்களாம்.
தொலைபேசி அடித்த பிறகு
ஈரத் தலையோடு ஓடி வந்து ஏறினார்கள்.
ஷிபேஷி ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடியைத் துடைத்தான், கியரைப் போட்டான்.

அடிஸ் அபாபா எங்களை விடவே மனசில்லாமல் விட்டது.
யூகலிப்டஸ் கம்பு சுமக்கும் கழுதைகள்,
பாதியில் நின்றுபோன மாடிகள்,
அலெம் கெனாவில் சிமெண்ட் லாரிகள்
வாலும் தலையுமாய்.
முன் இருக்கையிலிருந்து திரும்பிக் கத்துகிறேன்:
வலப்பக்கம் பாருங்கள், இது தெஃப்,
நேற்றிரவு நீங்கள் இஞ்சேரா என்று தின்றது.
பதினோரு வருடமாக
இதே வளைவில் இதே வாக்கியம்.
என் கழுத்துக்கே பாதை மனப்பாடம்.

மெல்கா குந்துரே.
அவாஷ் ஆறு கரையைக் கரைத்துக் குடித்தபடி போகிறது.
கொட்டகைக்குள் கைக்கோடரிகள்,
எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள்,
இன்னமும் விரலை அறுக்கும் கூர்.
ஏழு லட்சம் வருடத்துக்கு முந்தைய
குழந்தைக் கால்தடங்கள் இங்கே
சேற்றில் கிடைத்தன என்கிறேன்.
"எங்கே போய்க்கொண்டிருந்தார்கள்?" என்கிறாள் ஆய்லி.
தெரியாது.
தண்ணீருக்காக இருக்கலாம்.

அடாடி மரியம்.
தரைக்குக் கீழே பாறையைக் குடைந்த கோயில்.
செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குகிறோம்;
சாவிக்காரர் முழங்கால் வலியோடு
எங்களுக்குப் பின்னால்.
குடைந்தது யார்?
லாலிபெலா ராஜா என்கிறது ஊர்.
உளி சொல்லவில்லை.
தௌனோ குறிப்பேட்டில் எழுதுகிறார், எட்டிப் பார்த்தேன்:
தெரியாது, இரண்டு.
காசு வாங்கிக்கொண்டு கைவிரிக்கும் வேலை என்னுடையது.

தியா.
கம்பி வேலிக்குள் நடுகற்கள்.
சில சாய்ந்து, சில ஆள் உயரத்தைத் தாண்டி.
உடம்பெல்லாம் வாள் செதுக்கிய கல்.
வாழை போல இலை விரித்த ஒரு செடி
செதுக்கிய கல்.
தௌனோ விரல் நீட்டி வாள்களை எண்ணுகிறார்.
வீழ்த்திய தலைகளின் கணக்கு என்பார்கள் சிலர்,
நான் சத்தியம் செய்ய மாட்டேன்.
பிறகு அந்த வரி வரும்:
கீழே கிடப்பவர்களில் பெரும்பாலோர்
பதினெட்டிலிருந்து முப்பதுக்குள்.

இந்த வரி வரும்போதெல்லாம்
ஷிபேஷி வேலிக்கு வெளியே இருப்பான்.
துடைத்த கண்ணாடியை மறுபடி துடைப்பான்.
ஆறு வருடம் என்னோடு ஓட்டுகிறான்,
ஒருநாள் உள்ளே வந்ததில்லை.
வடக்குப் போருக்குப் போன தம்பி
கெபெயெஹுவுக்கு இருபத்திரண்டு.
தாள் வந்தது, ஆள் வரவில்லை.

இன்று மழை.
முன்னறிவிப்பே இல்லாமல்,
வாளியைக் கவிழ்த்தது போல.
குடையோடு ஓடி வந்தவன்
ஆய்லியின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான்.
அவன் முதுகு நனைந்தது.
எல்லாவற்றிலும் சின்னக் கல்லைப் பார்த்தபடி
அம்ஹாரிக்கில் என்னைக் கேட்டான்:
"எப்படிக் கிடக்கிறார்கள்?"

முழங்கால் நெஞ்சைத் தொட,
ஒருக்களித்துச் சுருண்டு என்றேன்.
இது எனக்குத் தெரியும். தோண்டிப் பார்த்தது.

கொஞ்ச நேரம் மழைதான் பேசிற்று.
"அப்படியென்றால்
யாரோ மடக்கி வைத்திருக்கிறார்கள்" என்றான்.
"விறைப்பதற்குள்."

ஆய்லி என் சட்டைக்கையைத் தொட்டாள்.
என்ன சொல்கிறார்?
எந்த மொழியிலும் எனக்கு
வாய்க்குப் பஞ்சமில்லை.
"மழை விட்டுவிடும் என்கிறான்" என்றேன்.

விட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை.

திரும்பும் வழியில் இருவரும் தூங்கிவிட்டார்கள்,
வாய் திறந்து, தோளில் தோள் சாய்த்து.
ஷிபேஷி பாட்டுப் போடவில்லை.
ஈரக் குடையை டிக்கியில் எறியாமல்
எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்திருந்தான்;
அது என் பாவாடையில் சொட்டிக்கொண்டே வந்தது,
நகர்த்தச் சொல்லவில்லை நான்.

விடுதியில் இறங்கும்போது தௌனோ
நோட்டை மடித்து அவன் கையில் வைத்தார்,
சரியாக நான்காக.

நாளைக்கு எட்டுப் பேர், கொரியாக்காரர்கள்.
இரண்டு மணிக்கு.
உங்கள் கடிகாரத்தில் எட்டு என்று
இம்முறை எழுதியே அனுப்பிவிட்டேன்.