மூன்றாம் கம்பி

ஆறு கம்பிக்கு ஆறு சுரம்தான்.
இதை முதலில் விரல்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.
காலியாகக் கிடக்கும் கட்டையைப் பார்த்தால்
பந்தியில் இடம் பிடிப்பதுபோல்
ஓடிப்போய் உட்காரும் பத்தும்.

பிரிட்டோவை நிறுத்திவிட்டார் தனுஷ்கோடி.
"எல்லாந்தான் உன் பொட்டிக்குள்ள இருக்குல்ல,
ஏழு பேர் எதுக்கு?
வேன் வாடகை என்னாகுது தெரியும்ல?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பொட்டிக்கு இன்னும் பதினொரு தவணை பாக்கி.

வில்லாபுரத்தில், மாடிப்படிக்கடியில்,
ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழகினேன்.
கார்டை ஒரே அமுக்காக அமுக்கினால்
அது ஆர்மோனியம்.
கீழிருந்து மேலே, இமை மூடித் திறப்பதற்குள்,
ஒன்றன்பின் ஒன்றாய் உதிர வேண்டும்.
திரும்பும் வீச்சில் மேலிருந்து கீழே,
அதில் தடித்த கம்பி இரண்டைத் தொடாமல்.
பெடல் பக்கம் கால் போகக் கூடாது.
இடதுகைச் சக்கரத்தை நெட்டினால் சுரம் வளையும்;
ஆனால் இரும்பு இழுபட
எவ்வளவு நேரம் பிடிக்குமோ
அவ்வளவு நேரம் பிடித்து வளைய வேண்டும்,
போய்ச் சேர ஒரு மயிரிழை இருக்கையில் நின்றுவிட வேண்டும்.
ஓங்கி அடித்தால் மட்டும் ஒரு கீச்சு உண்டு,
விரல் கம்பியில் வழுக்குகிற கீச்சு.
இரண்டு பாட்டுக்கு ஒருமுறைக்கு மேல் போட்டால்
எலி புகுந்த மாதிரி இருக்கும்.

அப்புறம் இடைவெளி.
கை இடம் மாறுவதற்கான இடைவெளி.
எனக்கு அது தேவையே இல்லை,
கட்டைகள் பக்கத்தில்தான் இருக்கின்றன.
ஆனாலும் விட்டேன்,
இல்லாத கழுத்தில் இல்லாத கை
ஏறி இறங்க.

அப்படியும் கிதார் வந்தது,
பிரிட்டோ வரவில்லை.

போன வருஷம் மேலூரில் போனில் பிடித்த பதிவு ஒன்று இருந்தது.
பாதிக்கு மேல் யாரோ குழந்தையைத் தேடும் அறிவிப்பு.
நாற்பது தடவை கேட்டிருப்பேன்.
பிறகு பிடிபட்டது:
டவுன்ஹால் ரோட்டில் பழசாக வாங்கிய அந்தக் கிதாரில்
மூன்றாம் கம்பி நிற்காது.
இரண்டாவது சரணத்துக்குள் இறங்கிவிடும்.
பாடகி மூச்சு வாங்கும் சந்தில்
ஒரு திருகு திருகிக்கொள்வான்.

அந்த ஒரு சுரத்தை மட்டும்
பன்னிரண்டு புள்ளி இறக்கினேன்.
மாடிப்படிக்கடியில்
வெற்றிலைப்பாக்கு வாசனை வந்ததுபோல் இருந்தது.

ஒத்தக்கடைத் திருவிழாவில்
பேஸ் யானைமலையில் பட்டு
அரை நொடி தாமதமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.
கிதார் எங்கே என்று முன்வரிசைப் பையன்கள்
மேடை முழுக்கத் தேடினார்கள்.
தனுஷ்கோடி கட்டைவிரல் உயர்த்திக் காட்டினார்.

முடிந்து ஒயர் சுருட்டும்போதுதான் பார்த்தேன்.
ஜெனரேட்டர் பக்கத்தில், டீசல் கேனோடு பிரிட்டோ.
வாடகை கம்பெனியில் சேர்ந்து இரண்டு மாதமாம்.
ராத்திரி முழுக்க என் பொட்டிக்குக்
கரண்டு கொடுத்தது அவன்தான்.

"மூணாங்கம்பி இறக்கமா இருந்துச்சே."
"உன்னோடதுதான்."

குனிந்து கேனை மூடினான். வெகுநேரம் மூடினான்.
"கம்பியில கோளாறில்ல மாப்ள, திருகாணிதான்.
போன மாசம் மாத்திட்டேன்.
இப்பல்லாம் இறங்குறதே இல்ல.
வாசிக்கத்தான் நேரமில்ல."

சட்டைப்பையில் கவர் இருந்தது.
வழக்கத்துக்கு மேல் இருநூறு வைத்திருந்தார் தனுஷ்கோடி.
பிரிட்டோ வாங்கியது அறுநூறு.
இந்தக் கணக்கை யாரிடம் கேட்பது?
கையைப் பைக்குக் கொண்டுபோனேன்,
பீடி இருக்கிறதா என்று தடவுவதுபோல்
தடவிவிட்டு எடுத்துக்கொண்டேன்.
நான் பீடி குடிப்பதில்லை, அது அவனுக்கும் தெரியும்.

மாட்டுத்தாவணி வரை ஜெனரேட்டர் வண்டியிலேயே ஏறிக்கொண்டேன்.
பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு,
பொட்டியை வைக்க இடமில்லை.
மடியில் வாங்கிக்கொண்டான்,
குறுக்கே, கிதார் பிடிக்கிற மாதிரி.

ரிங்ரோட்டில் வண்டி வேகம் எடுத்ததும்
நகத்தின் பின்புறத்தால் கட்டைகளை வருடினான்.
கரண்டு இல்லை. பிளாஸ்டிக் மட்டும்
தடதடவென்று.
போய்த் திரும்பும் வீச்சில்
கீழ்க்கட்டை இரண்டைத் தொடாமல் விட்டான்.