வெளிச்சம் கேட்காத கடை

மெக்சிகோ நகரத்தின் நடுவயிற்றில்
பழைய சந்தையை அளக்கப் போனேன்.
கையில் சிவப்புப் புள்ளி எறியும் கருவி,
பையில் நகராட்சியின் வரைபடம்.
வரைபடத்தில் நடைபாதை மூன்று மீட்டர்.
நான் எறிந்த புள்ளி
சுவரைத் தொடுவதற்குள்
ஒரு தக்காளியில் நின்றுவிட்டது.
ஒன்று எழுபது.

மீதி எங்கே என்று கேட்டேன்.
"ஆண்டுக்கு ஒரு விரல்" என்றாள்
வெங்காயச் சருகில் கணுக்கால் புதைய நின்றவள்.
"திருட்டில்லை, அம்மா.
கடையும் தூக்கத்தில் புரண்டு படுக்க வேண்டாமா?"

"அடி வருது! அடி!"
இங்கே கைவண்டிக்குப் பிசாசு என்று பெயர்.
எவுலாலியோவின் பிசாசு
பதினொரு கூடை அன்னாசியோடு
என்னைச் சுவரில் ஒட்டவைத்துப் போனது.
மன்னிப்பு, வாசனையாகப் பின்னால் வந்தது.

இரவு இரண்டு மணிக்கும் போய்ப் பார்த்தேன்.
நாளங்காடி சுருட்டிப் படுத்த இடத்தில்
அல்லங்காடி லாரி லாரியாக இறங்கிக்கொண்டிருந்தது.
அதற்கு வரைபடமே கிடையாது.

அலுவலகத்தில் வெள்ளை அட்டையில் மாதிரி செய்தோம்.
வெள்ளை அட்டைக்குப் பிசுக்கு தெரியாது.
கூரையை நீளவாக்கில் பிளந்து
வானத்தை உள்ளே விட்டேன்.
கல்லூரியில் எங்களுக்குக் கொடுத்த ஒரே கடவுள்
வெளிச்சம்.
பிளவின் மேல் விளக்கைப் பிடித்தபோது
ஒருவரும் பேசவில்லை.
எனக்குக் கொஞ்சம் கண்கூடக் கலங்கியது.

கிரெசென்சியா தாப்பியா கலங்கவில்லை.
வற்றல் மிளகாய்க்காரி.
கறுப்பு, செம்பழுப்பு, துருநிறம்,
ஒவ்வொன்றாய் அவள் பெயர் சொல்லச் சொல்ல
எனக்குத் தும்மல்.
மாதிரியைக் குனிந்து பார்த்தாள்.
"இந்த வெயில் என் தலையிலா விழுகிறது?"
"ஆமாம்" என்றேன், பெருமையாக.
"மூன்றே வாரம். சரக்கு வெளுத்து வைக்கோலாகும்.
யார் வாங்குவார்? நீங்களா?"

இருட்டு அவளுடைய பெட்டகம்.
என் குறிப்பேட்டில் அதன் பெயர்
'குறைபாடு, எண் ஆறு'.

நான்கு வரிசை தள்ளி நொயெமி
கள்ளி மடலில் முள் சீவுகிறாள்,
நடுப்பகலிலும் ஒரு குண்டு பல்பின் கீழே.
விரல் நுனிகளைக் காட்டினாள்.
கண்ணுக்குத் தப்பியதெல்லாம்
அங்கே குடியேறியிருந்தது.
"அவளுக்கு வேண்டாமென்றால்
அந்த வெயிலை இங்கே கொண்டுவாங்களேன்"
மீந்த குழம்பைக் கேட்பதுபோல.

வானத்தை நான்கு வரிசை நகர்த்தினேன்.
அது எளிது.
உத்தரம் நகரவேண்டும் என்றதும்
பொறியாளர் ரெஃபூகியோ
ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை.

மூன்று மீட்டரை யாரிடமிருந்தும் மீட்கவில்லை.
ஒன்று தொண்ணூறு போதும்:
எவுலாலியோ ஏற்றிய வண்டியைத் திருப்பிக் காட்டி
செருப்பு முனையால் தரையில் கிழித்த கோடு அது.
அதற்காக வெங்காயக்காரி
இருபது ஆண்டை உள்ளே இழுத்துக்கொண்டாள்,
இரண்டு நாள் என்னைத் திட்டிவிட்டு.
மூலைத் தூண்களில் இடுப்புயரத்துக்கு வண்டிக் காயங்கள்.
பூசவில்லை. முனையை மட்டும் மழுக்கினோம்.

பரிசுக்குழுவில் ஒருவர் கேட்டார்:
"புதுப்பித்தோம் என்கிறீர்கள். புதிது எங்கே?"
ஒரு கூரைப் பிளவு, ஒரு வடிகால்,
எட்டு விரல் சரிவு.
சொல்லி முடித்தபோது எனக்கே
சில்லறை எண்ணியதுபோல் இருந்தது.

ஜூனில் முதல் மழை.
பிளவின் ஓரம் ஒழுகுகிறது என்று தொலைபேசி.
ஓடினேன்.
நொயெமி சொட்டுக்கு நேரே வாளியை வைத்து
அதிலேயே மடல்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
"நாளைக்கே சரிசெய்கிறேன்."
"அவசரமில்லை" என்றாள்.

நான்கு வரிசை தள்ளி, இருட்டிலிருந்து
குரல் மட்டும் வந்தது:
"என் பக்கம் ஒரு சொட்டு வரட்டும்,
அப்புறம் இருக்கிறது உங்களுக்கு."

ஏணி எங்கே என்று கேட்டேன்.