முகவரியில் ஓமன்

பர்காவில் கடலைக் குடிநீராக்கும் ஆலை.
இரவு ஷிப்டில் உப்பை எண்ணுகிறவன் நான்.

போன ஆனியில்
உறிஞ்சுகுழாய் வலையில் ஜெல்லிமீன் வந்து அப்பியது,
ஆறு மணி நேரத்தில் நாலு டன்.
கடற்கரைக்காரர்கள் சொறி என்பார்கள்.
மண்வெட்டியால் அள்ளினோம்.
இது ஏன் என்று எவனாவது எழுதியிருப்பான் எனத் தேடினேன்.
எழுதியிருந்தான்.
சுருக்கம் மட்டும் இலவசம்.
மிச்சத்துக்கு முப்பத்தொன்பது டாலர்,
இருபத்துநாலு மணி நேரத்துக்கு,
லாட்ஜ் வாடகை மாதிரி.

எழுதியவருக்கே மெயில் போட்டேன்.
பதினோரு நிமிடத்தில் பிடிஎஃப் வந்தது,
"அந்தக் காசில் எனக்குச் சல்லி வராது" என்ற வரியோடு.

பிறகு நானே எழுதினேன்:
நாற்பது இரவுகளின் வெப்பம், உப்பு, வலைக்கண் அளவு.
குடும்பப்பெயர் கட்டாயம் என்றது படிவம்.
சிவப்பு நட்சத்திரம், நகர விடவில்லை.
அப்பா பெயரைப் போட்டேன்.
இனி யார் மேற்கோள் காட்டினாலும்
கயத்தாறில் டிராக்டர் ஓட்டும் சுடலைமாடன்தான்
ஜெல்லிமீன் நிபுணர்.

ஐந்து மாதம். இரண்டு மதிப்பீட்டாளர்கள்.
ஒருவர் என் ஆங்கிலத்தை மட்டும் மதிப்பிட்டார்.
ஏற்றுக்கொண்டோம் என்ற மெயிலின் கடைசிப் பத்தி:
எமது திறந்த இதழ், உலகில் எவரும் காசின்றிப் படிக்கலாம்,
ஆகவே தாங்கள் இரண்டாயிரத்து நூறு டாலர் அனுப்பவும்.

ஏழை நாட்டுக்காரருக்குச் சலுகை உண்டாம்.
அந்தப் பட்டியல் பாஸ்போர்ட்டைப் பார்க்காது,
ஆலையின் முகவரியைப் பார்க்கும்.
முகவரி ஓமன். ஆகவே நான் பணக்காரன்.
ஆறு பேர் அறையில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி
அதை இரண்டு முறை படித்தேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஹிலால் சிரித்தான்:
"முன்னே பார்க்க வந்தவனிடம் டிக்கெட் கேட்டார்கள்,
இப்போது ஆடுகிறவனிடம்."

வாபஸ் வாங்கினேன்.
யாரும் எதையும் ஏற்றலாம் என்கிற
முன்பதிப்புத் தளமொன்றில் ஏற்றிவிட்டுத் தூங்கினேன்.
முத்திரை கிடையாது. பதவி உயர்வுக்குக் கணக்கில் வராது.
முதல் மாதம் ஒன்பது முறை திறக்கப்பட்டது.
அதில் நாலு நான்.

நேற்று அதிகாலை துனீசியாவின் காபெஸிலிருந்து ஒரு மெயில்.
ரஃபீக்கா. அங்கேயும் ஆலை, அங்கேயும் இரவு ஷிப்ட்.
மூன்றாம் அட்டவணை, ஏழாம் வரிசை,
புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்திருக்கிறது,
உங்கள் கணக்குப்படி அன்று கடல் கொதித்திருக்க வேண்டும்.

பார்த்தேன். ஆமாம்.
இரண்டு மதிப்பீட்டாளர்களும் தாண்டிப்போன புள்ளி.
திருத்தி, இரண்டாம் பதிப்பு என்று ஏற்றினேன்.
நன்றி என்ற இடத்தில் அவள் பெயர்.
குடும்பப்பெயர் கேட்கவில்லை.